கடலில் மிதந்த ஒன்பதாம் வகுப்பு

எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நான் பிளஸ் டூ வரை படித்தவள். அதற்கப்புறம் டைப்ரைட்டிங் படித்தேன். மற்றவர்கள் எழுதிக் கொடுப்பதை அடித்துக் கொடுத்துத்தான் பழக்கமே தவிர, சொந்தமாக ஒரு வரி எழுதியதில்லை. வாழ்த்து அட்டையில்கூட அச்சடித்த வரிக்குக் கீழே பெயரை மட்டும் போடுகிற ஆள் நான். ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கடலில் மிதந்த கதையை இப்போது ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். போன மாதம் கோத்தகிரி பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா அதை என்னிடமே தப்புத் தப்பாகச் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு திமிங்கிலம் வேறு இருந்தது. திருத்தலாம் என்று வாயைத் திறப்பதற்குள் என் ஸ்டாப் வந்துவிட்டது. இறங்கி நடக்கும்போது, பேசத்தான் வரவில்லை, எழுதியாவது வைக்கலாம் என்று தோன்றியது. அவ்வளவுதான் இதற்குக் காரணம்.

அரவேணுவுக்கும் கோத்தகிரிக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் எங்கள் பள்ளிக்கூடம் இருக்கிறது. கன்னியாஸ்திரிகள் நடத்துவது. அங்கே நான் கம்ப்யூட்டர் லேப் உதவியாளர். காலையில் லேப்பைத் திறந்து கம்ப்யூட்டர்களின் துணி உறைகளைக் கழற்றி மடித்து வைக்க வேண்டும். மாலையில் மறுபடி போர்த்த வேண்டும். மழைக்காலத்தில் உறைக்கு மேல் பழைய கம்பளி ஒன்றும் போர்த்துவேன். ஈரம் ஏறிவிட்டால் கீபோர்டில் ஏதாவது ஓர் எழுத்து யாரும் தொடாமலே ஓடிக்கொண்டிருக்கும். அதை நிறுத்துவது பெரும்பாடு. கம்பளியைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள், "மிஸ், கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா?" என்று கேட்பார்கள். குளிர் அதிகமான நாட்களில் அதே பிள்ளைகள் சி.பி.யு.வுக்குப் பின்னால் வரும் சூட்டில் கை காய்ச்சிக்கொண்டு நிற்பார்கள். பாடம் நடக்கும்போது லேப்பில் யாரும் முன்பக்கம் இருப்பதில்லை, எல்லோரும் பின்பக்கம்தான் இருப்பார்கள் என்று பழைய டீச்சர் வருத்தப்படுவார்.

அந்த டீச்சருக்குக் கோயம்புத்தூரில் வேறு வேலை கிடைத்தது, போய்விட்டார். ஒன்பதாம் வகுப்புக்கு வாரத்தில் ஒரு முறை 'டிஜிட்டல் மீடியா' என்று ஒரு பீரியட் உண்டு. பரீட்சை கிடையாது. படம் எடுப்பது, வெட்டி ஒட்டுவது, குரல் சேர்ப்பது எல்லாம் அதில் வரும். புது ஆள் வருகிற வரைக்கும் அதை என்னை எடுக்கச் சொன்னார் தலைமையாசிரியை சிஸ்டர்.

"எனக்குப் பேச வராதுங்க சிஸ்டர்."

"உங்கள யாரு பேசச் சொன்னா? சொல்லிக் குடுங்க, போதும்."

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தபோது அதில் ஒரு வழி தெரிந்தது. முதல் நாள் வகுப்பில் புரொஜெக்டரைப் போட்டுவிட்டு, கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதையெல்லாம் அடிக்க ஆரம்பித்தேன். 'வணக்கம்' என்று அடித்தேன். திரையைப் பார்த்த பிள்ளைகள் எழுந்து நின்று, "வணக்கம் மிஸ்!" என்றார்கள். 'உட்காருங்கள்' என்று அடித்தேன். உட்கார்ந்தார்கள். இது நன்றாக இருக்கிறதே என்று நினைத்தேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். 'சத்தம் போடாதீர்கள்' என்று அடித்தேன்.

வகுப்பு மொத்தமும் ஒரே குரலில், "சத்தம் போடாதீர்கள்!" என்று கத்தியது.

பக்கத்து வகுப்பிலிருந்து கணக்கு சார் வந்து கதவருகில் நின்றார். பதற்றத்தில் 'சார் வந்திருக்கிறார், அமைதி' என்று அடித்துவிட்டேன். அதையும் ராகம் போட்டுக் கத்தினார்கள். சார் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார்.

கணக்கு சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்னூர்ப் பக்கத்துக்காரர். மலைக்கு வந்து பல வருஷம் ஆகியும் குளிர் அவருக்குப் பழகவே இல்லை. சித்திரை மாதத்தில்கூட ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டுத்தான் வருவார். குல்லா நெற்றி, காது, தாடை எல்லாவற்றையும் மூடி முகத்தை மட்டும் வெளியே விடும். அந்த முகத்தில் பெரிய மீசை. எங்கள் ஊர்ப் பெற்றோர்களில் பாதிப் பேருக்கு அவர்தான் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். அதனால் அவர் கடைவீதியில் நடந்தால் மளிகைக் கடைக்காரர்கூட எழுந்து நிற்பார்.

சில வாரங்களில் எனக்குத் தட்டச்சு இல்லாமலே பேச வந்துவிட்டது. பிள்ளைகளால்தான் வந்தது. போனில் கண்ணை மூடிக்கொண்டு வீடியோ எடுக்கிற பிள்ளைகளுக்கு மவுஸைப் பிடிக்கத் தெரியவில்லை. மானிட்டரில் விரலை வைத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். படம் நகரவில்லை என்றதும் இன்னும் அழுத்தித் தள்ளினார்கள். மானிட்டர் பின்னால் சாய்வதைப் பார்த்ததும் அடித்துக்கொண்டிருக்க நேரமில்லை, "ஐயோ சாமி, விட்ரு!" என்று கத்திவிட்டேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. "மிஸ் பேசறாங்க!" என்று ஒருவன் கை தட்டினான். அன்றிலிருந்து பேச்சு வந்தது. வீட்டிலும் அதிகம் பேசாத ஆள் நான். வாரம் முழுக்க நான் பேசுவதைச் சேர்த்துப் பார்த்தால் பெரும்பங்கு அந்த ஒரு பீரியடில்தான் இருக்கும். அதற்காகவே ஞாயிற்றுக்கிழமை இரவிலிருந்து காத்திருக்க ஆரம்பித்தேன்.

அந்தப் பீரியடைத்தான் கணக்கு சார் கேட்டார். ஆசிரியர் அறையில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, என் முன்னாலேயே கேட்டார்.

"ஏனுங்க சிஸ்டர், மார்க்கே இல்லாத பாடத்துக்கு எதுக்குங்க ஒரு பீரியடு? ஒம்பதாவதுல பாதிப் பேருக்கு எக்ஸுக்கும் ஒய்யிக்கும் வித்தியாசம் தெரியல. அதை எனக்குக் குடுத்துப்போடுங்க. நான் தேத்தி உட்டுர்றேன்."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் டீ டம்ளரைப் பார்த்தேன்.

"வியாழக்கிழமை பெற்றோர் கூட்டம் இருக்குல்ல," என்றார் சிஸ்டர். "பிள்ளைங்க இதுல என்ன கத்துக்கிட்டாங்கன்னு ஒரு வீடியோ எடுத்துக் காட்டட்டும். நல்லா இருந்தா பீரியட் இருக்கட்டும். இல்லைன்னா கணக்குக்குப் போகட்டும்."

இப்படி அந்தப் பீரியட் ஒரு வீடியோவில் வந்து நின்றது.

பிள்ளைகளிடம் சொன்னேன். தொலைக்காட்சி மாதிரி 'பள்ளிச் செய்திகள்' வாசிக்கலாம் என்று முடிவாயிற்று. செய்தி வாசிக்க ஒரு பெண்ணை எல்லோரும் சேர்ந்து முன்னால் தள்ளினார்கள். அவள் அப்பா கேரட் லோடு ஏற்றுகிற பிக்கப் ஓட்டுகிறவர். அவள் ரகசியம் பேசினால் அடுத்த எஸ்டேட்டில் கேட்கும். வானிலை வாசிக்க ஒரு பையன் வந்தான். அவன் எழுதி வந்த வானிலை அறிக்கை: 'இன்று பனிமூட்டம். நாளை பனிமூட்டம். நாளை மறுநாள் தெரியவில்லை, ஏனென்றால் பனிமூட்டம்.' மாற்றச் சொன்னேன். "உண்மைதானுங்களே மிஸ்," என்றான். ஜன்னலைப் பார்த்தேன். விட்டுவிட்டேன்.

அடுத்தது, பின்னணி. பச்சைத் துணிக்கு முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்தால், கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அழுத்திப் பச்சையை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எந்தப் படத்தை வேண்டுமானாலும் வைக்கலாம். சினிமாவில் ஆகாயத்தில் பறப்பதெல்லாம் இப்படித்தான் என்று சொன்னதும் பிள்ளைகளுக்குக் கண் விரிந்தது. நான் மலையும் தேயிலையும் வைக்கலாம் என்றேன்.

"மலை எதுக்கு மிஸ்? ஜன்னலத் தொறந்தா மலைதான்," என்றாள் செய்திக்காரி.

"அப்ப என்ன வேணும்?"

"கடல்!" என்றது வகுப்பு.

வகுப்பில் மூன்று நான்கு பேரைத் தவிர யாரும் கடலைப் பார்த்ததில்லை. செய்திக்காரியின் சித்தப்பா சென்னையில் வேலை செய்கிறார். அவரைக் கேட்டதும், கடற்கரைக்குப் போய் போனில் அலைகளை எடுத்து அனுப்பினார். அருமையாக எடுத்திருந்தார். மூலையில் மட்டும் அவருடைய கட்டைவிரல் கடைசிவரை இருந்தது. அது பாறை என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார்கள் பிள்ளைகள்.

பச்சைத் துணிக்குத்தான் வழியில்லை. என் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் தேயிலை நாற்றங்காலில் வேலை செய்கிறார். நாற்றுகளுக்கு மேல் வெயில் படாமல் கட்டுகிற பச்சை வலையைக் கேட்டேன். அதை நாலாக மடித்தால் ஓட்டை தெரியாது.

"மேஸ்திரி கேட்டா என்ன சொல்றது?" என்றார்.

"பள்ளிக்கூடத்துக்குன்னு சொல்லுங்க."

"பள்ளிக்கூடத்துல எதுக்கு வலை, புள்ளைகள நட்டு வெச்சிருக்கீங்களான்னு கேப்பான்."

ஆனாலும் புதன்கிழமை காலை ஸ்கூட்டரில் சுருட்டிக் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். சாயங்காலத்துக்குள் திரும்பக் கட்டிவிட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.

வலையை லேப் சுவரில் மடித்துத் தொங்கவிட்டோம். சிஸ்டர் வந்து பார்த்தார். அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: யாராக இருந்தாலும் முழு யூனிஃபார்மில் இருக்க வேண்டும், பெற்றோர் பார்ப்பார்கள். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்.

"கணக்கு சாரையும் ரெண்டு வார்த்தை பேச விடுங்க. இல்லைன்னா அவரு சங்கடப்படுவாரு."

பிள்ளைகள் நன்றாகவே பேசினார்கள். கணக்கு சார் கடைசியாக வந்தார். இரண்டு வார்த்தை பேசவில்லை. கையில் சாக்பீஸோடு நின்று, எந்தப் பாடத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும், மார்க் இல்லாத பாடங்களால் என்ன கெடுதல் என்று இரு கைகளையும் வீசி வீசிப் பேசினார். என் வீடியோவிலேயே நின்று என் பீரியடைக் கேட்டார். நான்தான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "நல்லா வந்துச்சுங்களா?" என்று கேட்டார். "நல்லா வந்துச்சுங்க சார்," என்றேன். அவர் மூன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

பிள்ளைகள் சுற்றி நிற்க, கம்ப்யூட்டரில் ஏற்றிப் பச்சையை எடுக்கிற பட்டனை அழுத்தினேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் பள்ளிக்கூட ஸ்வெட்டர் பச்சை நிறம். இப்போது எழுதும்போது மறந்ததில் ஆச்சரியமில்லை. அன்றைக்கு நாங்கள் அத்தனை பேரும் மறந்திருந்தோம். தினமும் பார்க்கிற நிறம் கண்ணில் படுவதில்லை.

பச்சை வலை போயிற்று. கடல் வந்தது. கடலுக்கு நடுவில் செய்திக்காரியின் தலை இருந்தது. கழுத்துக்குக் கீழே வெள்ளைக் காலர். அதற்குக் கீழே அலை. காலர் மேல் தலை, தட்டில் வைத்த லட்டு மாதிரி ஆடிக்கொண்டே செய்தி வாசித்தது. பிறகு தாளைப் பிடித்த அவள் கை மட்டும் தனியாக, எதிர்ப்பக்கமிருந்து மிதந்து வந்தது.

வானிலைப் பையன்தான் முதலில் பேசினான்.

"மிஸ், இவளை மீன் தின்னுருச்சு."

"டேய், உன்னையும் பாக்கலாம் இருடா," என்றாள் அவள். அடுத்து அவன் தலை வந்தது. அவன் குள்ளமாதலால் தாடைவரை தண்ணீர் இருந்தது. ஒவ்வொரு அலையும் அவன் வாய்க்கு நேராக வந்தது. 'இன்று பனிமூட்டம்' என்று அவன் சொல்லும்போது நிஜமாகவே குடித்துவிடுவான் போலிருந்தது.

சரி, ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு மறுபடி எடுத்துவிடலாம், வலை இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது என்றேன். ஒருவரும் அசையவில்லை.

"கழட்டுங்க கண்ணுகளா, நேரமாச்சு."

செய்திக்காரி என் காதருகில் வந்து, அவளால் முடிந்த அளவு மெதுவாகச் சொன்னாள். அதனால் எல்லோருக்கும் கேட்டது. "மிஸ், காலர மட்டுந்தான் தேச்சிருக்கேன்."

"நானும் மிஸ்."

"நானும்."

"எனக்குக் கீழ ரெண்டு பட்டனே இல்லீங்க மிஸ்."

மலையில் இது ரகசியமே இல்லை. வருஷம் பூராவும் ஸ்வெட்டருக்குள் இருக்கிற சட்டையை யார் முழுசாகத் தேய்ப்பார்கள்? வெளியே தெரிகிற காலரை மட்டும் தேய்த்துப் போட்டுக்கொண்டு வருவதுதான் எல்லா வீட்டிலும் வழக்கம். என்னைச் சொல்லுங்கள், ஸ்வெட்டருக்குள் நான் போட்டிருந்த ஜாக்கெட்டுக்கும் சேலைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. என்னால் அதற்குமேல் அவர்களை வற்புறுத்த முடியவில்லை. திரையைப் பார்த்தேன். தேய்த்த காலர்கள் மட்டும் வரிசையாகக் கடலில் மிதந்தன. எல்லாம் நன்றாகத்தான் தேய்த்திருந்தார்கள்.

"அப்ப பச்சைய எடுக்காமலே காட்டிரலாமா?" என்று பட்டனைத் திருப்பிப் போட்டேன். கடல் போய் வலை வந்தது. வலைக்கு முன்னால் பச்சை ஸ்வெட்டரில் வரிசையாகப் பிள்ளைகள்.

"நாத்து மாதிரி இருக்கோம் மிஸ்," என்றான் வானிலைப் பையன். உண்மைதான். தண்ணீர் ஊற்றலாம் போலத்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. என் வீட்டுக்காரர் மூச்சு வாங்க உள்ளே வந்தார். "மேஸ்திரி நாத்தங்கால்லயே நிக்கிறான். வெயில் அடிக்குது, வலை எங்கடான்னு கேக்குறான்."

"இந்தப் பனியில எங்கீங்க வெயிலு?"

"அவன் நின்னுட்டிருக்கற எடத்துல மட்டும் அடிக்குது," என்று சொல்லிக்கொண்டே வலையை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

சுவர் வெறும் சுவராயிற்று. மறுநாள் மதியம் கூட்டம். அப்போதுதான் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது: கணக்கு சாரை இன்னும் பார்க்கவில்லை.

சாருக்கு ஸ்வெட்டரும் பச்சைதான். பள்ளிக்கூடத்தின் மேல் இருந்த பற்றில் அதே நிறத்தில் நூல் வாங்கி அவர் வீட்டம்மா பின்னிக் கொடுத்தது. மீந்த நூலில் பின்னியதுதான் அந்தக் குரங்குக் குல்லா.

பட்டனை அழுத்தினேன். கடல் வந்தது. நடுக்கடலில் ஒரு முகம் இருந்தது. தலை இல்லை. காது இல்லை. தாடையும் பாதிதான். மீசையோடு கூடிய ஒரு நீள்வட்டம், அவ்வளவுதான். காலர்கூட இல்லை, குல்லா அதையும் மூடியிருந்தது. அந்த நீள்வட்டம், "அன்பார்ந்த பெற்றோர்களே," என்றது. குல்லாவின் பச்சைச் சாயல் முகத்தில் விழுந்த இடங்களிலும் கடல் புகுந்துவிட்டதால், மூக்கின் வழியாக ஓர் அலை போயிற்று. இடமும் வலமுமாக இரண்டு கைகள் தனித்தனியாக வந்து, மீன்கள் மாதிரி துள்ளிவிட்டுப் போயின. ஒரு மீன் வாயில் சாக்பீஸ்.

பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். சிலர் படுத்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதைக் காட்டினால் அவருக்குக் கோபம் வரும், பீரியட் போய்விடும். இதை எடுத்துவிட்டால் சிஸ்டர் கேட்பார், அவருக்கும் சங்கடம் வரும். அப்போதும் பீரியட் போய்விடும். அதைப் பிள்ளைகளிடம் சொன்னேன்.

வானிலைப் பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான். "எடுத்தாலும் போயிரும், வெச்சாலும் போயிரும். வெச்சிருங்க மிஸ். பாக்கவாச்சும் நல்லா இருக்கு."

செய்திக்காரி அதற்குள் ஒரு யோசனை செய்திருந்தாள். குரலை மட்டும் மறுபடி பதிவு செய்யலாம் என்றாள். அப்படியே முதல் வரியை மாற்றிப் பேசினாள்: "வணக்கம். பள்ளிச் செய்திகள். வாசிப்பது ஒன்பதாம் வகுப்பு. நேரடியாகக் கடலிலிருந்து." வாயசைவு பொருந்தவில்லை. தண்ணீருக்குள் இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்றாள்.

வியாழக்கிழமை ஹால் நிறைந்துவிட்டது. ஃபாக்டரியில் லீவு போட்டுவிட்டு வந்தவர்கள், வேலையிலிருந்து நேராக வந்தவர்கள், பேரப்பிள்ளைக்காக வந்த தாத்தாக்கள் என்று நல்ல கூட்டம். முதல் வரிசையில் சிஸ்டர். பக்கத்தில் கணக்கு சார், அதே ஸ்வெட்டர், அதே குல்லா. நான் புரொஜெக்டருக்குப் பின்னால், தூணோடு ஒட்டி நின்றேன். விளக்கை அணைத்தார்கள்.

செய்திக்காரியின் தலை கடலில் வந்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா, "ஐயோ, எம்புள்ள!" என்று எழுந்துவிட்டார். செய்திக்காரியின் அம்மாதான். மகள் ஓடிப் போய், "அம்மா, நான் இங்கதான இருக்கேன், உக்காரும்மா," என்று பிடித்து உட்கார வைத்தாள். அம்மா மகளைத் தொட்டுப் பார்த்தார். ஆனாலும் திரையைத்தான் கவலையோடு பார்த்தார்.

இலங்கையிலிருந்து வந்த குடும்பத்துத் தாத்தா ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "என்னாங்க இது, புள்ளைகள நடுக்கடல்ல விட்டிருக்காங்க? நாங்க வந்தப்ப கப்பலாச்சும் இருந்திச்சு," என்றார்.

அதோடு ஹால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலகலத்தது. வானிலைப் பையன் அலையைக் குடித்துக்கொண்டே பனிமூட்டம் சொன்னபோது சிரிப்பு ஜன்னல் கண்ணாடிவரை அடித்தது. சிஸ்டர் தோள் குலுங்குவது எனக்குப் பின்னாலிருந்து தெரிந்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

பிறகு சாரின் முகம் வந்தது.

சிரிப்பு நின்றது. பட்டென்று நின்றது. அவரிடம் படித்தவர்கள் அத்தனை பேர் அங்கே இருந்தார்கள். ஒருவருக்கும் சிரிக்கத் தைரியமில்லை. நீள்வட்டம், "அன்பார்ந்த பெற்றோர்களே," என்றது. மீன்கள் துள்ளின. எங்கோ ஒரு அப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு இருமினார். எல்லோரும் திரையையும் முதல் வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நானும்தான். தூணுக்குள் போய்விட முடியுமா என்று பார்த்தேன்.

'மார்க் இல்லாத பாடத்தால் என்ன பயன்?' என்று திரையில் மீசை கேட்டபோது அலை ஒன்று வந்து மீசையை இரண்டாகப் பிரித்துவிட்டுப் போனது. வீடியோ முடிந்தது. விளக்கைப் போட்டார்கள்.

கணக்கு சார் மெதுவாக எழுந்தார். திரும்பி, கூட்டத்தைத் தாண்டி என்னைக் கண்ணால் தேடிப் பிடித்தார்.

"ஏனுங்க," என்றார். "எம்பட உடம்பு எங்கீங்க?"

இத்தனை பேர் முன்னால் நான் பேசியதே இல்லை. நிறம், வலை, பட்டன் எல்லாவற்றையும் விளக்க வேண்டும் என்று தெரியும். வந்தது இரண்டு வார்த்தைதான்.

"ஸ்வெட்டர் பச்சைங்க."

சார் குனிந்து ஸ்வெட்டரைப் பார்த்தார். குல்லாவைக் கழற்றி அதையும் பார்த்தார். பிறகு சுற்றி உட்கார்ந்திருந்த பச்சைப் பிள்ளைகளைப் பார்த்தார். ஏதோ ஒரு கணக்கு மனதுக்குள் முடிவது தெரிந்தது. அவர் மீசை ஆடியது. முதலில் அதுதான் ஆடியது. பிறகு தோள், பிறகு வயிறு. "அட கருமமே!" என்று அவர் வாய்விட்டுச் சிரித்த பிறகுதான் ஹால் உடைந்தது. இருமிய அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஓய்ந்த பிறகு சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, பீரியட் விஷயத்தைப் பெற்றோரிடம் சொன்னார். கூட்டம் ஒருமனதாக இருந்தது என்று சொல்ல முடியாது. "கணக்குக்கே குடுங்க சிஸ்டர், நாளைக்கு மார்க்குதான் கேப்பாங்க," என்றார் ஓர் அப்பா. "ஏங்க, உங்க காலத்துல முழுக்கக் கணக்குத்தான் நடந்துச்சு, நீங்க என்ன கிழிச்சீங்க?" என்றார் அவர் மனைவி. அதற்கு இன்னொரு சிரிப்பு எழுந்தது. செய்திக்காரியின் அம்மா, பீரியட் இருக்கட்டும், ஆனால் இனிமேல் தண்ணீர்ப் பக்கம் வேண்டாம் என்றார்.

"சார், நீங்களே சொல்லுங்க," என்றார் சிஸ்டர்.

என் கை தூணை இறுக்கிப் பிடித்திருந்தது. சார் குல்லாவை மறுபடி மாட்டினார். அதை மாட்டி இழுத்து முகத்தைச் சரியான இடத்துக்குக் கொண்டுவர அவருக்குக் கொஞ்ச நேரம் ஆகும். அன்றைக்கு ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது.

"அந்தப் பீரியடு அவுங்ககிட்டயே இருக்கட்டுங்க சிஸ்டர்," என்றார். "கணக்க நான் காலைல நேரமா வந்து எடுத்துக்கறேன்." பிள்ளைகள் பக்கமிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. அவர் கண்டுகொள்ளவில்லை. "ஆனா ஒண்ணுங்க. அடுத்த வாட்டி எனக்கு உடம்போட வேணும்."

கூட்டம் கலைந்து ஹால் காலியாகும்போது என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, அந்த வீடியோவில் அவர் வருகிற பகுதியை மட்டும் அவர் போனுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டார். கோயம்புத்தூரில் இருக்கிற மகளுக்கு அனுப்ப வேண்டுமாம். "கடல் சத்தத்தோட அனுப்புங்க," என்றார். அனுப்பினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, மூன்றாவது பீரியட் எங்களுடையது. கீழே ரோட்டில் மரம் விழுந்து கரண்ட் இல்லை. பிள்ளைகள் லேப்பில் உட்கார்ந்து கணக்கு வீட்டுப்பாடம் எழுதினார்கள்.